தோடர் மந்துகளில் சூழல் சுற்றுலா: நடக்குமா? நடக்கலாமா?

கல்லூரியில் இருந்து ஊட்டிக்கு டூர் போயிருந்தோம். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று வழக்கமான பட்டியல்தான். எல்லாம் முடிந்த பிறகு பஸ்ஸை ஏற்பாடு செய்தவர், "டைம் இருக்கு, ஆதிவாசி வில்லேஜ் ஒண்ணு பாத்துட்டுப் போயிடலாமா?" என்றார். பஸ்ஸில் ஒரே கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

போனது ஒரு தோடர் மந்து. ஐந்தாறு வீடுகள் இருக்கும். அங்கே நாங்கள் இருந்தது இருபது நிமிடம். அதற்குள் ஐம்பது பேரும் எருமையோடு ஒரு படம், அரைவட்டக் கூரை போட்ட பழைய வீட்டின் முன் ஒரு படம் என்று எடுத்துத் தள்ளிவிட்டோம். திண்ணையில் ஒரு பாட்டி சிவப்பு, கறுப்பு நூலால் பூவேலை செய்துகொண்டிருந்தார். எங்களில் ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். பாட்டி கோபப்படவில்லை. தையலில் இருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "பாத்தாச்சா தம்பி? சரி. உங்க வீட்டை நாங்க எப்ப வந்து பாக்கறது?"

பஸ்ஸில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த மந்தில் நாங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. டூர் காசு முழுக்க பஸ்ஸுக்கும் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் போய்விட்டது. பாட்டிக்குக் கிடைத்தது ஐம்பது பேரின் செருப்புச் சத்தமும், வேலியோரம் யாரோ போட்டுவிட்டு வந்த சிப்ஸ் கவரும்தான்.

அதன் பிறகு இந்தத் தலைப்பில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 'சூழல் சுற்றுலா வந்தால் பழங்குடி மக்கள் பிழைத்துக்கொள்வார்கள்' என்று ஒரு பக்கம். 'அவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்' என்று இன்னொரு பக்கம். எனக்கு இரண்டுமே முழுதாகச் சரி என்று படவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், சூழல் சுற்றுலா என்றால் என்ன?

மரத்தால் ஒரு குடில் கட்டி, வாசலில் 'ஈக்கோ' என்று பலகை மாட்டினால் அது சூழல் சுற்றுலா ஆகிவிடாது. 1990-களில் இருந்து உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருள் ஏறத்தாழ இதுதான்: போகிற இடத்தின் இயற்கை கெடக்கூடாது. அங்கே வாழ்கிறவர்களின் வாழ்க்கை அதனால் கொஞ்சமாவது மேம்பட வேண்டும். போகிறவரும் ஏதாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும். ஐ.நா. சபை 2002-ஆம் ஆண்டை சர்வதேச சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்தபோது இந்தச் சொல் எல்லா நாட்டு அரசுகளின் வாயிலும் புகுந்தது. சொல் பரவிய வேகத்தில் பொருள் பரவவில்லை.

நாங்கள் போன டூர் இந்த மூன்றிலும் பெயில். இயற்கைக்குக் குப்பை, மக்களுக்குப் பூஜ்யம், எங்களுக்குக் கிடைத்தது புகைப்படம்.

மந்தில் இருப்பது என்ன?

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிச் சமூகங்கள் இருக்கின்றன. ஆறுமே மத்திய அரசின் 'மிகவும் நலிவுற்ற பழங்குடியினர்' பட்டியலில் உள்ளவை. இவர்களில் தோடர்கள் மலையின் உச்சிப் புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள். மொத்தத்தில் சுமார் இரண்டாயிரம் பேர்தான். ஒரு பெரிய கல்லூரியின் மாணவர் எண்ணிக்கையை விடக் குறைவு! இவர்களின் குடியிருப்புக்குப் பெயர்தான் மந்து. உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மந்து ஒளிந்திருக்கிறது என்பார்கள்.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு எல்லாம் மாறியது. மேய்ச்சல் புல்வெளி ஐரோப்பியர் கண்ணுக்கு 'சும்மா கிடக்கும் நில'மாகத் தெரிந்தது. தேயிலை வந்தது. சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகும் புல்வெளியில் மரம் நடுவதுதான் காடு வளர்ப்பு என்று அரசாங்கமே நினைத்துக்கொண்டிருந்தது. சோலையும் புல்வெளியும் சேர்ந்து மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல ஓடையில் விடுகின்றன என்பது வெகு தாமதமாகத்தான் புரிந்தது. புல்வெளி சுருங்கியதும் எருமை குறைந்தது. தோடர் கோயில் என்பது எருமைப் பாலைச் சுற்றி அமைந்தது. ஆகவே எருமை குறைந்தால் பால் மட்டுமா குறையும்? சடங்கும் குறைகிறது.

பழைய வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல் வேய்ந்த வீடு. கோயில் கூரைக்கு ஏற்ற புல் சதுப்பான புல்வெளியில்தான் வளரும். அந்த இடங்கள் மரமும் தோட்டமுமாக மாறிவிட்டதால் புல்லைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தோடர்கள் இன்று சாதாரண ஓட்டு வீட்டிலோ கான்கிரீட் வீட்டிலோதான் இருக்கிறார்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் சுற்றுலாப் பயணிக்கு அந்த வீடு பிடிப்பதில்லை. "ஒரிஜினல் வீடு எங்கே?" என்று கேட்கிறான். எங்கள் பஸ்ஸிலும் கேட்டார்கள்.

ஆக, மந்தில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில்: நிறைய. பூத்துக்குளி என்னும் போர்வையும், அதில் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடும் பூவேலையும் (2013-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது), எருமை, புல்வெளி, சோலை, செடிகொடிகளைப் பற்றிய அறிவு எல்லாம் உண்டு. ஆனால் எல்லாமே காட்டுவதற்கு உரியவை அல்ல. கோயிலுக்குள் வெளியார் போக முடியாது. தோடர் பெண்களேகூடப் போகக்கூடாது. இந்தக் கோட்டை யார் போடுவது என்பதில்தான் மொத்தப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது.

மலை தாங்குமா?

2024-இல் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் சொல்லப்பட்ட கணக்குப்படி, சீசனில் ஒரு நாளைக்கு சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வந்தன. அதைப் பார்த்துத் திகைத்த நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 கோடை சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதித்தது.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கூட்டம் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஊற்றும் ஓடையும் வற்றிக் கிடப்பதும் அதே மாதங்களில்தான். ஒரு மந்துக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு சின்ன நீராதாரம். அங்கே ஐம்பது பேர் வந்து கை கழுவி, கழிப்பறை போனால் அன்றைய தண்ணீர் தீர்ந்தது. ஜூன் பிறந்தால் மழை, கூட்டம் இல்லை. அதாவது தண்ணீர் இல்லாதபோது விருந்தாளி வருகிறார், தண்ணீர் இருக்கும்போது வருவதில்லை.

எனவே மலை தாங்குமா என்பதற்கு என் பதில்: பஸ் பஸ்ஸாக வந்தால் தாங்காது. பத்துப் பன்னிரண்டு பேர், நடந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தால் தாங்கும்.

பணம் வருமா? ஒரு கணக்கு

சரி, பன்னிரண்டு பேர் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இது கற்பனைக் கணக்குதான், ஆனால் இதைப் போட்டுப் பார்க்காமல் 'வாழ்வாதாரம் உயரும்' என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

ஆறு குடும்பங்கள் உள்ள ஒரு மந்து. ஒரு நாளைக்கு 12 பேர், தலைக்கு 500 ரூபாய். சாப்பாடும் புல்வெளி நடையும் சேர்த்து. நாளுக்கு 6,000 ரூபாய். வாரத்தில் நான்கு நாள் என்றால் 24,000. மழைக்காலம், சடங்கு நாட்கள், கடும் கோடை எல்லாம் கழித்து வருடத்துக்கு 30 வாரம். ஆக 7,20,000 ரூபாய். சமையல் சாமான், விறகு, துப்புரவு, பராமரிப்பு என்று பாதி போனால் மிச்சம் 3,60,000. ஆறு குடும்பத்துக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு வருடம் 60,000. மாதம் 5,000 ரூபாய்.

இந்த 5,000 ரூபாயைக் கேவலமாக நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் ஹாஸ்டல் செலவுக்கு உதவும். ஆனால் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எருமையை விற்றுவிட்டு இதில் இறங்கினால் நிச்சயம் நடுத்தெருதான். கொரோனா காலத்தில், 2020-இல், சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஊட்டியில் என்ன பாடுபட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அப்படியானால் ஆளைக் கூட்டுங்களேன், 12-ஐ 60 ஆக்குங்கள்" என்று ஒரு நண்பன் சொன்னான். ஆக்கலாம். பணமும் ஐந்து மடங்கு வரும். கூடவே பார்க்கிங் வரும், டீக்கடை வரும், செல்பி ஸ்பாட் வரும். அதற்கு முதல் போட வெளியூர்க்காரர் வருவார். முதல் போட்டவர் சொல்வதுதான் பிறகு சட்டம். இந்த மலையில் இது புதிய கதை இல்லையே!

வேறு இடங்களில் என்ன நடந்தது?

நல்ல உதாரணங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. தேக்கடிக்குப் போனவர்கள் மூங்கில் தெப்பத்தில் போயிருப்பீர்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், காட்டில் லவங்கப்பட்டை திருடிக்கொண்டிருந்தவர்களையே அழைத்து வழிகாட்டிகள் ஆக்கினார்கள். திருடத் தெரிந்தவனுக்குத்தானே காட்டின் ஒவ்வொரு வழியும் தெரியும்! மன்னான், பளியர் மக்களும் இத்தகைய குழுக்களில் வேலை பெற்றார்கள். நம் டாப்சிலிப் வழியாகத்தான் போக முடிகிற பரம்பிக்குளத்திலும் காடர், மலசர், முதுவர் சமூகத்தவர் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். உள்ளே விடும் வாகனங்களுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. மலைக் கிராமத்து இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது நல்ல விஷயம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் கருகி இறந்ததை மறக்க முடியுமா? மலை தெரிந்தவர் கூட வருவது அலங்காரத்துக்கு அல்ல, உயிருக்கு.

ஆனால் இந்த நல்ல உதாரணங்களிலும் ஒரு குறை உண்டு. இவற்றில் கட்டணம், நேரம், எண்ணிக்கை எல்லாவற்றிலும் கடைசிச் சொல் வனத்துறையுடையது. பழங்குடி மக்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்குபவர்கள், முதலாளிகள் அல்ல.

கெட்ட உதாரணம் தேட நீலகிரியைத் தாண்ட வேண்டாம். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் முளைத்த ரிசார்ட்டுகளில் பலவும் தங்களை இயற்கை விடுதி என்றே சொல்லிக்கொண்டன. 2018-இல் பல விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதி செய்தது. 2021 ஜனவரியில் அதே பகுதியில், விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின் மேல் தீப்பற்றிய பொருளை எறிந்ததை வீடியோவில் பார்த்தோம், அந்த யானை செத்தும் போனது. இயற்கையைக் காட்டிக் காசு பண்ணுகிறவன் எல்லாம் இயற்கையை நேசிப்பவன் அல்ல.

கடல் தாண்டி ஒன்று. பிலிப்பைன்ஸ் நாட்டு மலைகளில் இபுகாவ் பழங்குடியினரின் படிக்கட்டு நெல்வயல்களை 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகமே பார்க்கப் போனது. ஆனால் 2001-இல் அதே வயல்கள் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்குப் போய்விட்டன. பல வயல்கள் கைவிடப்பட்டு வரப்புகள் சரிந்தன, முறையான நிர்வாகமும் இல்லை. சீரமைப்பு வேலைகள் நடந்த பிறகு 2012-இல்தான் அந்தப் பட்டியலில் இருந்து நீங்கின. பாடம் எளிது. பார்க்க வருகிறவர்கள் இருந்தால் மட்டும் வயல் வாழாது. உழுகிறவன் இருக்க வேண்டும். அதேபோல எருமை மேய்க்கிறவர் இல்லாமல் மந்து இல்லை.

'அவர்களை விட்டுவிடுங்கள்' என்பவர்களுக்கு

இந்தக் கட்சியின் நல்ல எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் தோடர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறவர்கள் அல்ல. பட்டதாரிகள் இருக்கிறார்கள், அரசு வேலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பூவேலை செய்து விற்கும் பெண்கள் போலி மெஷின் வேலையோடு கடைத்தெருவில் போட்டி போடுகிறார்கள். சுற்றுலா வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சார்பில் நாம் முடிவெடுப்பதும் ஒருவகை அதிகாரம்தான். மேலும் கூட்டம் ஏற்கனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. நாங்கள் போனோமே, யாரைக் கேட்டுப் போனோம்? ஆக, நம் முன்னால் இருக்கும் தேர்வு சுற்றுலா வேண்டுமா என்பதல்ல. கேட்டுக்கொண்டு வருவதா, கேட்காமல் வருவதா என்பதுதான்.

அப்படியென்றால் எப்படி?

எனக்குத் தோன்றிய நிபந்தனைகளைச் சொல்கிறேன்.

1. முடிவு கிராம சபையுடையது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு உண்மையான அதிகாரம் தருகிறது. இத்தகைய நலிவுற்ற குழுக்களின் வாழிட உரிமையையும் அது அங்கீகரிக்கிறது. அந்தச் சட்டத்தில் கிடைக்கும் நில உரிமையை விற்க முடியாது, வாரிசுகளுக்கு மட்டுமே போகும். இது ரிசார்ட்காரர்களுக்கு எதிரான நல்ல வேலி. எனவே முதலில் உரிமைப் பத்திரம், பிறகுதான் சுற்றுலா. வரிசை மாறினால் நிலம் போய்விடும்.

2. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை. ஒரு மந்து ஒப்புக்கொண்டால் எல்லா மந்தும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்த வருடம் சரி என்றவர்கள் அடுத்த வருடம் கதவை மூடலாம். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் விழாவுக்கு வெளியார் வரலாமா, எதுவரை வரலாம் என்பதெல்லாம் அவர்கள் முடிவு.

3. பார்ப்பதற்குப் பதில் செய்வது. அரைநாள் சீகை நாற்று பிடுங்கி, புல் நடும் வேலையில் கைகொடுத்துவிட்டு, அதற்குப் பணமும் கட்டிவிட்டுப் போகட்டும். புல்வெளி திரும்பினால் எருமை திரும்பும், கூரைப் புல் திரும்பும், ஓடையில் தண்ணீரும் நிற்கும். எனக்குத் தெரிந்து சூழல் சுற்றுலா என்ற பெயருக்கு இதுதான் பொருந்தும்.

4. காசு கைமாறும் இடம் மந்தாக இருக்கட்டும். பூவேலை செய்த அம்மாவிடமே வாங்குவோம், பேரம் பேசாமல். மூன்று வாரம் இழை எண்ணிப் போட்ட போர்வைக்கு "ரெண்டாயிரத்துக்குத் தருவீங்களா?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

5. வெறும் ஆர்வத்துக்குப் பார்க்க வேண்டும் என்றால் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. பஸ்ஸை அங்கே விடலாம். யார் வீட்டுத் திண்ணையிலும் ஏற வேண்டியதில்லை.

முடிவாக

மந்தில் சூழல் சுற்றுலா சாத்தியமா என்றால், சாத்தியம்தான். சின்ன அளவில், மெதுவாக, துணை வருமானமாக மட்டும். ஊட்டியின் நெரிசலைக் குறைக்கும் மாற்றுவழியாக அதை யாராவது திட்டமிட்டால், அது படகு இல்லத்துக் கூட்டத்தைப் பாட்டியின் திண்ணைக்குத் திருப்பிவிடும் வேலை. அதற்கு என் ஓட்டு கிடையாது.

எந்தத் திட்டத்தையும் எடைபோட எனக்கு இப்போது ஒரு சுலபமான வழி தெரியும். பாட்டியின் கேள்விதான் அது. உங்க வீட்டை நாங்க எப்ப வந்து பாக்கறது? நம் வீட்டுக்கு ஒருவர் வருவதென்றால் என்ன எதிர்பார்ப்போம்? முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாசலில் நின்று கூப்பிட வேண்டும். பூஜை அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது. வெறுங்கையோடு வராமல் இருந்தால் நல்லது. இத்தனையும் செய்யத் தயாராக இருக்கிறவர் மட்டும் மந்துக்குப் போகலாம்.

நான் இன்னொரு முறை போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். இந்த முறை பஸ்ஸில் அல்ல, தனியாக, சொல்லிவிட்டு. பாட்டி 'வேண்டாம்' என்றால் அங்கிருந்தே திரும்பிவிடுவேன். 'வா' என்றால், வேலியோரம் நாங்கள் போட்டுவிட்டு வந்த கவர்களைப் பொறுக்குவதில் இருந்து ஆரம்பிக்கலாம்.